ராஜபார்ட் செத்த ஞாயிறு

சேவல் கூவி விடிந்த ஊர்கள் பல, மில் சங்கு ஊதி விடிந்த ஊர்கள் சில என்று இருந்த காலத்தில், சங்கு ஊதி விடிகிற ஓர் ஊரில் ஒரு ராஜபார்ட் இருந்தார்.

பெயர் சங்கிலிமுத்து. ஐம்பத்தாறு வயது. முப்பத்தைந்து வருஷம் நாடகக் கம்பெனியில் ராஜா வேஷம் கட்டியவர். கம்பெனி கலைந்த பிறகு மகள் வீட்டோடு வந்து சேர்ந்துவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரம்மாவின் மேஜைக்கு முன்னால் நின்றார்.

“எனக்குச் சாகத் தெரியல, டாக்டரம்மா. கத்துக் குடுங்க.”

பெஞ்சியில் காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“இங்க வாறவங்க எல்லாம் வேற ஒண்ணைக் கேட்டுத்தான் வருவாங்க, அண்ணாச்சி. உக்காருங்க.”

டாக்டரம்மா பெயர் லேயாள். தெற்கத்திக்காரர். சங்கிலிமுத்துவைவிடப் பதினாறு வயது இளையவர். மற்ற நாட்களில் மருந்துச் சீட்டு எழுதுவார். ஞாயிறு மத்தியானம் நாடகம் எழுதுவார். இரண்டையும் படிக்கக் கம்பவுண்டர் ஏசுவடியான் ஒருவரால்தான் முடியும்.

டாக்டரம்மா எழுதியது போல ஒரு நாடகத்தை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அதில் ராஜா இல்லை, நாரதர் இல்லை, பாட்டு இல்லை. மில் தொழிலாளி வீட்டில் ஒரே ஓர் அறை. அப்பா இருமுகிறார். அம்மா சோறாக்குகிறாள். கடைசியில் அப்பா செத்துப்போகிறார். அவ்வளவுதான்.

“எனக்கு வேஷம் உண்டா?” என்று சங்கிலிமுத்து முதலில் கேட்டபோது, “உண்டு” என்றார் டாக்டரம்மா.

“கிரீடம்?”

“துண்டு.”

அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் பழைய வார்டில் ஒத்திகை. சங்கிலிமுத்து அப்பாவாக இருமிச் செத்தார். பிரமாதமாகச் செத்தார். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுப் பெண்கள் மூன்று பேர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஒன்ஸ்மோர்!” என்று கத்தினார்கள்.

சங்கிலிமுத்து எழுந்தார். கும்பிட்டார். இருமி, முன்னைவிட நன்றாக இன்னொரு தடவை செத்தார்.

அவர் மேல் தப்பில்லை. கம்பெனி வழக்கம் அது. சனம் கேட்டால் செத்த ராஜா எழுந்து, பாட்டை மறுபடி பாடி, மறுபடி சாக வேண்டும்.

டாக்டரம்மா அன்று அவரிடம் ஒன்றுதான் சொன்னார். “அஞ்சு மில்லுல, அஞ்சு ஞாயித்துக்கிழமை இதைப் போடப் போறோம். இன்னும் மூணு வாரம் இருக்கு. செத்த பிறகு எந்திரிச்சீங்கன்னா வேஷம் ஏசுவடியானுக்கு.”

ஏசுவடியான் அன்றைக்கே வசனத்தை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

சங்கிலிமுத்துவுக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இந்த வேஷம் போனால் இனி அவருக்கு மேடையே இல்லை. அது அவருக்குத் தெரியும்.

“எத்தனை தடவை செத்திருக்கீங்க?” திங்கட்கிழமை மேஜைக்கு எதிரே அவரை உட்கார வைத்து டாக்டரம்மா கேட்டார்.

சங்கிலிமுத்துவின் முகம் மலர்ந்தது.

“அதை ஏன் கேக்குறீங்க? காரைக்குடியில ஒரே மேடையில ஒம்பது தடவை. என் சாவைப் பாக்க வண்டி கட்டிக்கிட்டு வருவாங்க. ஒரு செட்டியார் வீட்டு ஆச்சி, ‘ராசா, நீ சாகறப்ப எவ்வளவு அழகா இருக்கே’ன்னு திருஷ்டி சுத்திப் போட்டாங்க.”

“ஒரு தடவை?”

“எதுங்க?”

“ஒரே ஒரு தடவை செத்திருக்கீங்களா?”

சங்கிலிமுத்து யோசித்தார். முப்பத்தைந்து வருஷத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“இல்ல” என்றார்.

டாக்டரம்மா ஒரு மருந்துச் சீட்டைக் கிழித்து ஏதோ எழுதிக் கொடுத்தார். ஏசுவடியான் படித்துச் சொன்னார்: “மில் லைன் வீடு, ஏழாம் நம்பர், சென்னியப்பன்.”

“அவர்கிட்ட என்ன கேக்கணும்?”

“ஒண்ணும் கேக்க வேண்டாம். உக்காந்துட்டு வாங்க.”

*

மில் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஏழாவது சென்னியப்பனுடையது. அவருக்கு நாற்பது வயது இருக்கும். பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறுகிற அறையில் வேலை. வாசலில் நின்ற ஆளைப் பார்த்ததும் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார்.

“ஏனுங்... ராஜபார்ட்டுங்களா நீங்க?”

“ஆமாப்பா.”

“தாராபுரத்துல நீங்க செத்தீங்களே, அன்னிக்கு மொதல்ல ஒன்ஸ்மோர்னு கத்துனது நாந்தானுங்க!”

அப்படிச் சொன்ன சந்தோஷத்தில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். இருமலுக்கு நடுவிலேயே மனைவியைக் கூப்பிட்டார். “ராமாத்தா! யாரு வந்திருக்காங்கன்னு பாரு! காப்பி வையி!”

“மொதல்ல நீங்க மூச்சு வாங்குங்க. காப்பி எங்கயும் ஓடிப் போவாது” என்றாள் ராமாத்தாள்.

சங்கிலிமுத்து நாலு நாள் போய் உட்கார்ந்தார். நாலு நாளும் பாதி நேரம் தாராபுரத்துக் கதைதான் ஓடியது. பெட்ரோமாக்ஸ் விளக்கு எத்தனை, ஆர்மோனியக்காரர் யார், பபூன் யாரைக் கிண்டல் செய்து அடி வாங்கினான், எல்லாம் சென்னியப்பனுக்கு நினைவிருந்தது. சங்கிலிமுத்துவுக்கே மறந்துபோன ஒரு பாட்டை அவர் எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து பாடினார்கள். மூன்றாம் அடியில் சென்னியப்பனுக்கு மூச்சு முட்டியது. மிச்சத்தைச் சங்கிலிமுத்து தனியாகப் பாடி முடித்தார்.

பாடிக்கொண்டே இருமலையும் மனப்பாடம் செய்துகொண்டார்.

*

சனிக்கிழமை டாக்டரம்மா முன்னால் இருமிக் காட்டினார்.

நெஞ்சுக்குள் துணி கிழிவது போல ஆரம்பித்து, தொண்டையில் சிக்கி, கண்ணில் நீரோடு முடிந்தது. பக்கத்து அறையிலிருந்து ஏசுவடியான் மருந்துப் புட்டியோடு ஓடி வந்தார். ஆளைப் பார்த்ததும் முறைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

டாக்டரம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு என்ன கிழமை?”

“சனி.”

“நாடகத்துல?”

சங்கிலிமுத்து விழித்தார்.

“இருமலுக்கும் கிழமைக்கும் என்னங்க சம்பந்தம்?”

“போய்ப் பாருங்க.”

*

ஞாயிற்றுக்கிழமை போனார். சென்னியப்பன் வேப்பமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அய்யாவு சீட்டைத் திருடி மடியில் வைத்ததைக் கண்டுபிடித்து, தெருக்கோடி வரை துரத்திக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து சிரித்தார். இருமவே இல்லை.

சங்கிலிமுத்துவுக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்படி ஏமாந்ததற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை சாயந்திரம் போனார். சென்னியப்பன் ஷிப்ட் முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, யாரோ நெஞ்சில் கயிற்றைக் கட்டி இழுப்பது போல மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

“திங்கக்கிழமையானா இப்பிடித்தானுங்க” என்றாள் ராமாத்தாள். “போவப் போவக் கொறையும். சனிக்கிழமைக்குத் தேவலாம். ஞாயித்துக்கிழமை மனுசனா இருப்பாரு. மறுக்கா திங்கக்கிழமை. இவிக அப்பனுக்கும் இதே சீக்குத்தானுங்க. குடும்பச் சீக்கு. ரத்தத்துல ஓடுதுங்க.”

சங்கிலிமுத்து மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வேகமாக நடந்தார்.

“திங்கக்கிழமை, டாக்டரம்மா! நாடகத்துல அது திங்கக்கிழமை!”

டாக்டரம்மா தலையாட்டினார்.

“இன்னொண்ணும் கண்டுபிடிச்சேன். ரத்தத்துல ஓடுற சீக்கு. அவங்கப்பாவுக்கும் இருந்திருக்கு.”

“அவங்கப்பா எங்க வேலை பாத்தார்?”

“...அதே மில்லுலதாங்க.”

“பக்கத்து வீட்டு அய்யாவு இவங்களுக்கு என்ன உறவு?”

“உறவெல்லாம் இல்லீங்க. வேற ஊரு, வேற ஆளுங்க.”

“அவர் திங்கக்கிழமை எப்படி இருந்தார்?”

சங்கிலிமுத்து எழுந்தார். அய்யாவுவை அவர் பார்க்கவே இல்லை.

*

வியாழக்கிழமை சென்னியப்பனின் சாப்பாட்டுத் தூக்கை ராமாத்தாளிடமிருந்து வாங்கிக்கொண்டு அவரே மில்லுக்குப் போனார். கேட்டுக்காரருக்கும் தாராபுரம் நினைவிருந்தது. உள்ளே விட்டுவிட்டார்.

பஞ்சு அறை வாசலில் சங்கிலிமுத்து நின்றார்.

அவருக்கு முதலில் கைலாசம்தான் நினைவுக்கு வந்தது. கம்பெனியில் கைலாசம் போடும்போது பலகை மலைக்கெல்லாம் பஞ்சு ஒட்டுவார்கள். மேலே மறைந்து நிற்கிற ஆள் பஞ்சைப் பிய்த்துப் பனியாகத் தூவுவான். அந்தப் பனியில் சிவனாக நின்று அவர் கையைத் தூக்கினால், முன்வரிசைக் கிழவிகள் நிஜமாகவே குளிரில் நடுங்குவார்கள்.

இங்கேயும் அப்படித்தான் பெய்தது. ஆட்களின் தலை, புருவம், மூக்கு முடி எல்லாம் வெள்ளை. அய்யாவு இருமினார். அவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினார். அதற்கும் அந்தப் பக்கம், யாரென்று தெரியாத ஒருவர் இருமினார்.

சுவர் நெடுக ஆறு சன்னல். ஆறும் அடைத்திருந்தன.

“சன்னலைத் தொறந்து வெச்சா என்னப்பா?”

சென்னியப்பன் சிரித்தார். “காத்தடிச்சாப் பஞ்சு பறந்து போயி அந்தப் பக்கம் நூலுல ஒட்டிக்குமுங்க. நூல் கெட்டுப் போயிரும்.”

சங்கிலிமுத்து தூக்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கேட்டைத் தாண்டி வரும்போது தன் தோளைத் தட்டினார். வெள்ளையாக உதிர்ந்தது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், பெஞ்சியில் உட்கார்ந்தார். டாக்டரம்மா கேட்பார் என்று பார்த்தார். அவர் கேட்கவில்லை.

“ஒத்திகைக்கு வாங்க” என்றார் டாக்டரம்மா.

*

அதற்கப்புறம் பாடம் வேறு மாதிரி இருந்தது.

“சனத்தைப் பாக்காதீங்க, அண்ணாச்சி.”

“பின்ன யாரைப் பாக்கறது?”

“சோத்துப் பானையைப் பாருங்க. மூணு பக்கம் வீட்டுச் சுவர். சனம் இருக்கிற பக்கமும் சுவர்தான்.”

“முதுகைக் காட்டினா கல்லால அடிப்பாங்க.”

“வீட்டுல உங்க மக உங்க முதுகைப் பாத்துக் கல்லெறியுதா?”

“அது வேற காரணத்துக்கு எறியும்” என்றார் சங்கிலிமுத்து. அன்றைக்குத்தான் டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

கையைத் தூக்கிப் பேச வேண்டாம். கடைசி ஆளுக்குக் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டாம். பசித்தால் சாப்பிடுவது போலச் சாப்பிட வேண்டும், சாப்பாடு நிஜச் சாப்பாடாகவே இருக்கும். ஒவ்வொன்றாகச் சங்கிலிமுத்து கழற்றி வைத்தார். கிரீடத்தையும் வாளையும் கழற்றி வைத்தபோதுகூட அவருக்கு இவ்வளவு வலித்ததில்லை.

நாடகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சென்னியப்பன் கேட்டார்.

“ஏனுங்கண்ணா, என்னையத்தான் ஆடறீங்களாமா?”

சங்கிலிமுத்து காப்பி டம்ளரையே பார்த்தார். “யாரு சொன்னா?”

“கம்பவுண்டர் சொன்னாருங்க. ஒரு பாட்டு இருக்குதுங்களா எனக்கு?”

“இல்லப்பா.”

“அட. கடைசில என்னாவறேன்?”

சங்கிலிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். அடுப்படியில் ராமாத்தாளின் கரண்டிச் சத்தம் நின்றது.

சென்னியப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“நல்லாச் சாவுங்கண்ணா. உங்க கையில சாகறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும். மொத வரிசையில வந்து உக்காந்துக்கறேன்.”

சங்கிலிமுத்து அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

“டாக்டரம்மா, முடிவை மாத்துங்க. அந்த மனுசன் முன்னால உக்காந்திருப்பான். அவன் முன்னால அவன் சாவை நான் எப்படிச் சாகறது?”

டாக்டரம்மா பெஞ்சியில் அடுத்ததாக இருந்த ஒரு மில்காரரைக் கூப்பிட்டார். அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் குழாயின் வட்டத்தை வைத்தார். மறுமுனையைத் தன் காதிலிருந்து கழற்றிச் சங்கிலிமுத்துவின் காதில் மாட்டினார்.

உள்ளே, மிகத் தொலைவில், காய்ந்த சருகின் மேல் யாரோ நடந்தார்கள். நின்றார்கள். மறுபடி நடந்தார்கள்.

“இதை மாத்தி எழுதட்டுமா?”

சங்கிலிமுத்து குழாயைக் கழற்றினார். மில்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போகும் வரை காத்திருந்தார்.

“இதுக்கு மருந்தே கிடையாதா?”

“ஆரம்பத்துலயே அந்த அறையை விட்டு வந்துட்டா மருந்தே வேண்டாம். ஏழு வருஷமா சொல்றேன். மில்லுக்குக் கடுதாசி எழுதினேன். நேர்ல போனேன். சன்னலைத் தொறக்கச் சொன்னேன்.” டாக்டரம்மா பேனாவை எடுத்தார். “அதுக்கப்புறந்தான் நாடகம் எழுத ஆரம்பிச்சேன்.”

*

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. மில் லைன் மைதானம். வெயில் இன்னும் இருந்தது. விளக்கு வேண்டாம், திரை வேண்டாம் என்றுவிட்டார் டாக்டரம்மா. மேடையில் ஒரு லைன் வீடு நின்றது. ஒரே சன்னல், அடைத்தது. அடுப்பு எரிந்தது. பானையில் நிஜ அரிசி.

முதலில் சனத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“எப்பங்க ஆரம்பிப்பாங்க?” என்றது ஒரு குரல்.

“ஆரம்பிச்சாச்சு. பேசாம இரு.”

“அட, நம்மூட்டு வாசல்ல உக்காந்து இதையேதான பாக்கறேன்?”

சோறு கொதித்தது. அம்மா வேஷம் போட்ட நர்ஸ், வசன நினைப்பில் பானையை மறந்துவிட்டாள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் பொறுக்காமல் கத்தினாள். “அம்மிணி, பொங்குது பாரு! மூடியத் தள்ளு!”

நர்ஸ் மூடியைத் தள்ளினாள். அதற்கப்புறம் கூட்டம் பேசவில்லை.

சங்கிலிமுத்து ஷிப்ட் முடிந்து வந்தார். வாசற்படியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றினார். சனத்துக்கு முதுகு தெரிந்தது. அந்த முதுகு மூச்சு இழுத்தது.

“திங்கக்கிழமை” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

முன்வரிசையில் சென்னியப்பன் இருந்தார். சங்கிலிமுத்து அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சோற்றுப் பானையைப் பார்த்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவதைத் தட்டிலேயே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தார்.

இருமல் வந்தது. போனது. வந்தது.

பிறகு வரவில்லை.

அவ்வளவுதான். நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்து, அவரை மல்லாக்கத் திருப்பிப் போட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

கைதட்டல் இல்லை. ஒன்ஸ்மோர் இல்லை.

சங்கிலிமுத்து செத்து, சனம் இப்படிச் சும்மா இருந்ததில்லை. ‘கெடுத்துப்புட்டேன்’ என்று நினைத்தார். பழைய மேடைப் பழக்கத்தில் இமையைத் துளி திறந்து, இடுக்கு வழியே பார்த்தார்.

ஆண்கள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்கள். பெண்கள் எழுந்தார்கள். மேடையைப் பார்த்தார்கள். திரும்பினார்கள். ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். போகும்போது யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. செத்த வீட்டில் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லக்கூடாது. வந்த மாதிரியே போய்விட வேண்டும். அவர்கள் அப்படித்தான் போனார்கள்.

ராமாத்தாள் புருஷனின் கையைத் தொட்டாள். அவர் அசையவில்லை. அவள் மைதானத்து ஓரம் போய் நின்றாள். பிறகு அவளும் நடந்தாள்.

மேடையோரம் டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். அவர் பக்கத்தில், வசனம் முழுக்கப் பாடமாயிருந்த ஏசுவடியான், வைத்த கண் வாங்காமல் பிணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கிலிமுத்து அசையாமல் கிடந்தார். ஒரே ஒரு தடவை செத்துவிட்டார். இன்னும் நாலு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

சென்னியப்பன் எழுந்தார். மேடைக்குக் கிட்டே வந்தார். பலகையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்தார்.

“அண்ணா.”

பிணம் பேசவில்லை.

“நான் போயிட்டு வர்றனுங்க. காத்தால மொத ஷிப்ட்டு.”

சொல்லிவிட்டு நின்றார். பதில் வராமல் கிளம்புகிற ஆள் இல்லை என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

சங்கிலிமுத்து எழுந்து உட்கார்ந்தார்.

“போயிட்டு வாப்பா” என்றார்.

“டாக்டரம்மா! எந்திரிச்சுட்டாரு!” என்றார் ஏசுவடியான்.

டாக்டரம்மா சென்னியப்பனைப் பார்த்தபடி நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

“யாரு?” என்றார்.

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மைதானத்தைக் கடந்து, லைன் வீட்டுப் பக்கம் நடந்து போனார்.